ராத்திரி ஒரு மணி, தெருமுனையில் ஐந்து நாய்கள்: பைக்கில் வருகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நைட்ஷிஃப்ட்காரன்:
சென்னையை அடுத்த சேலையூர் பக்கம் புதிதாக வீடு மாறியிருக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூன்று திருப்பம். வேலை முடிந்து பைக்கில் வரும்போது ராத்திரி ஒரு மணி தாண்டிவிடும். இரண்டாவது திருப்பத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் ஐந்து நாய்கள். பகலில் இதே நாய்கள் டீக்கடை வாசலில் சுருண்டு கிடக்கின்றன, பக்கத்தில் லாரி போனாலும் அசைவதில்லை. ராத்திரி என் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் ஐந்தும் எழுந்து துரத்துகின்றன. அதில் வெள்ளையும் பழுப்புமாக ஒன்று நேராகக் கணுக்காலுக்கே வருகிறது. இதுவரை வேகமெடுத்துத்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வேறு விடிகாலையில் அந்த வழியாகத்தான் கோயிலுக்கு நடந்து போவார். மாநகராட்சியில் புகார் கொடுத்தாயிற்று, அது தன் போக்கில் நடக்கட்டும். இன்று ராத்திரி நான் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள். நாய் பிடிக்கும், பிடிக்காது என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

டெலிவரி தம்பி:
அண்ணா, முதலில் அந்த வேகமெடுப்பதை நிறுத்துங்கள். எங்கள் ஆட்களில் நாய் கடித்து ஆஸ்பத்திரி போனவர்களைவிட, நாய்க்குப் பயந்து முறுக்கி விழுந்து கை காலை உடைத்துக்கொண்டவர்கள்தான் எனக்கு அதிகம் தெரியும். சிலர் இரண்டு காலையும் தூக்கி டேங்க் பக்கம் வைத்துக்கொண்டு பறப்பார்கள். அதைவிட ஆபத்து இல்லை. பின் பிரேக்கில் கால் இல்லை, பாலன்ஸும் இல்லை, குறுக்கே ஒன்று பாய்ந்தால் நேராகத் தரைதான்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். திருப்பத்துக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, சத்தம் சீராக இருக்கும்படி மெதுவாக உள்ளே போக வேண்டும். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம். அவை எழுந்து வந்தால் இன்னும் மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். கனத்த குரலில் "ஏய், போ" என்று சொல்லலாம், கத்தக் கூடாது. அப்படியும் காலுக்கு வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். ஓடுகிற வண்டியைத் துரத்தத்தான் அதற்கு ஆசை. நின்றுபோன வண்டியை என்ன செய்வதென்று முக்கால்வாசி நாய்களுக்குத் தெரியாது. சுற்றி நின்று குரைத்துவிட்டு ஒவ்வொன்றாக விலகும். அப்புறம் மெல்ல உருட்டிக்கொண்டு போகலாம். உதைக்கவே கூடாது, நீட்டிய கால்தான் அதன் வாய்க்கு முதலில் கிடைக்கும்.

கோபக்காரன்:
மனிதன் தன் வீட்டுக்குப் போக நாயிடம் அனுமதி கேட்டு வண்டியை உருட்ட வேண்டுமாம்! ஐந்தையும் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டால் முடிந்தது. உச்ச நீதிமன்றமே பிடிக்கச் சொல்லிவிட்டது, இன்னும் எதற்குப் பாடம் நடத்துகிறீர்கள்?

சட்டப்புள்ளி:
அந்தத் தீர்ப்பைப் பாதியில் நிறுத்தி வாசிக்கிறீர்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று வந்தது டெல்லி வட்டாரத்து நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவு. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் ஆக்ரோஷமாக நடந்துகொள்வதையும் மட்டும் விடக் கூடாது, கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு. டிரான்ஸ்ஃபார்மர் அடி இந்தப் பட்டியலில் இல்லை.

நாமே பிடித்து வேறு ஊரில் விடுவதற்கு, தெருநாய்க் கருத்தடை பற்றிய மத்திய அரசின் 2023 விதிகளில் இடமில்லை. விஷம் வைத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் அது உதவாது. இந்த ஐந்து போனால் குப்பையும் சோறும் இருக்கிற அந்த முனைக்கு அடுத்த தெரு நாய்கள் வரும். அவற்றுக்கு உங்களில் ஒருவரையும் தெரிந்திருக்காது.

கோபக்காரன்:
கடி வாங்கிய குழந்தையின் அப்பாவிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி:
அந்தக் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்டது இன்று ராத்திரி பற்றி.

சோறு வைக்கிறவள்:
நான் எங்கள் தெருவில் பல வருடமாக நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். பகலில் பூனை, ராத்திரியில் புலி என்பது எல்லாத் தெருவிலும் உள்ளதுதான். பகலில் ஆயிரம் பேர் போகிறார்கள், யாரையென்று துரத்தும்? தெரு காலியானதும் அது அவற்றின் எல்லை ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் வருகிற ஒரே வண்டி உங்களுடையது, வாசனையும் சத்தமும் புதிது. ஒவ்வொரு ராத்திரியும் அவை துரத்த, நீங்கள் வேகமெடுத்து ஓட, "விரட்டிவிட்டோம்" என்று அவை நினைத்துக்கொள்கின்றன. மறுநாள் இன்னும் உற்சாகமாகத் துரத்தும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த நாய்களுக்கு யார் சோறு வைக்கிறார் என்று டீக்கடையில் கேளுங்கள். கண்டிப்பாக ஒருவர் இருப்பார். அவர் சோறு வைக்கிற நேரத்தில் உங்கள் பைக்கோடு போய்ப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். தொட வேண்டாம், கொஞ்ச வேண்டாம், உற்றுப் பார்க்க வேண்டாம். வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணையுங்கள். சில நாள் இப்படி நடந்தால் ராத்திரி அந்தச் சத்தம் வரும்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். எல்லா நாயும் அப்படி மாறும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பைக்கில் போய்க்கொண்டே பிஸ்கட் வீசாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், கடைசியில் பைக் என்றாலே பிஸ்கட் என்று எல்லா வண்டியையும் துரத்துகிற பழக்கம் வந்துவிடும். பின்னால் வருகிற யாரோ ஒருவர் விழுவார்.

அந்த வெள்ளை பழுப்பு பெண் நாயா, மடி தொங்குகிறதா என்று பகலில் தள்ளி நின்று பாருங்கள். மழை முடிந்து பனி தொடங்குகிற மாதங்களில் நிறைய நாய்கள் குட்டி போட்டிருக்கும். நிறுத்தி வைத்த காருக்கு அடியில், சாக்கடைப் பலகைக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே என்று எங்காவது குட்டி இருந்தால் தாய் நாயிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது. குட்டிகள் வளரும்வரை சுற்றுவழியில் போவதே நல்லது.

குரோம்பேட்டை தாத்தா:
எல்லாரும் பைக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். நடந்து போகிற எங்களைப் போன்றவர்கள் கல்லெடுக்கக் குனிகிற மாதிரி பாவனை செய்தாலே போதும், நம் ஊர் நாய் நாலடி பின்னால் போய்விடும். கையில் கல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த வைத்தியம் இத்தனை வருடத்தில் என்னைக் கைவிட்டதில்லை.

சோறு வைக்கிறவள்:
தாத்தா, தூரத்தில் இருக்கிற நாய்க்கு அது சரி. கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட நாய் முன்னால் குனிந்தால் உங்கள் முகமும் கழுத்தும் அதன் வாய் உயரத்துக்கு வந்துவிடும். குட்டி இருக்கிற நாயிடம் குனிவதும் வம்பு. உண்மையிலேயே கல்லால் அடிவாங்கிய நாய், அடுத்த முறை குரைக்காமல் பின்னால் வந்து கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

குரோம்பேட்டை தாத்தா:
ஒத்துக்கொள்கிறேன், பத்தடிக்கு உள்ளே வேண்டாம். ஆனால் கைத்தடியோ குடையோ இல்லாமல் விடியற்காலை நடைக்குப் போகக் கூடாது என்று தம்பியின் அம்மாவிடம் சொல்லுங்கள். தடியை ஓங்கக் கூடாது. தனக்கும் நாய்க்கும் நடுவில், நுனி தரையில் இருக்கும்படி வைத்துக்கொண்டால் போதும். நாய் நெருங்கினால் கடிக்கத் தடியைத்தான் பிடிக்கும். குடையை அதன் முகத்துக்கு நேரே விரித்தால் திகைத்து நிற்கும், அதற்குள் நாம் விலகலாம்.

மிதிவண்டி மாமா:
சைக்கிள்காரர்களுக்கும் இதே கதைதான். இறங்கிவிட வேண்டும். சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வேலியாக வைத்துக்கொண்டு, நாய் எந்தப் பக்கம் வந்தாலும் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே நடந்து போகலாம். அதன் எல்லை எங்கே முடிகிறது என்று இரண்டு நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஏதோ ஒரு மின்கம்பத்தோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் ஒரு அடி வராது.

நாய்க்கு மட்டும் கேட்கிற ஒலி எழுப்பும் கருவி என்று ஆன்லைனில் விற்கிறார்களே, நண்பர் வாங்கினார். ஒரு நாய் ஓடியது, இன்னொரு நாய் அதைப் பார்த்துத்தான் குரைக்கவே ஆரம்பித்தது. மிளகாய்ப் பொடி ஸ்பிரே காற்றடிக்கிற பக்கம் பார்த்து வரும், ஓடுகிற வண்டியில் அது நம் கண்ணுக்குத்தான்.

இரண்டு பிள்ளை அம்மா:
பெரியவர்கள் சமாளித்துவிடலாம். பிள்ளைகள் நாயைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அதுதான் வினை. என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கினோம். "நாய்" என்று நான் சொன்னதும் கை இரண்டையும் உடம்போடு ஒட்டிவைத்து, கண்ணைத் தரையில் வைத்து, மரம் மாதிரி நிற்க வேண்டும். "விழுந்துட்ட" என்றால் முட்டியை வயிற்றோடு மடக்கிக் குப்புறச் சுருண்டு, விரல்களைக் கோத்துப் பின் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். சிரித்துக்கொண்டே செய்கிறார்கள், ஆனால் உடம்புக்குப் பழகிவிட்டது. தின்றுகொண்டிருக்கிற நாய், தூங்குகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய், மூன்றின் பக்கமும் போகக் கூடாது. இதை மட்டும் மிரட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெருநாயைவிடப் பயம் அடுத்த பிளாக்கில் வளர்க்கிற நாய். வாய்மூடி இல்லாமல், கயிற்றையும் கழற்றிவிட்டு, "ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி" என்கிறார்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியதற்குப் பிறகும் இப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ.

சட்டப்புள்ளி:
அம்மா, வளர்ப்பு நாய் என்றால் வழி இன்னும் தெளிவு. கவனக்குறைவாக விட்டு அடுத்தவருக்கு ஆபத்து வரும்படி செய்தாலே பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்புச் சங்கத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913-க்கு அழைத்து உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லலாம். வாய்வார்த்தையில் சண்டை போட்டால் உறவுதான் கெடும், நாய் அப்படியேதான் சுற்றும்.

டெலிவரி தம்பி:
வளர்ப்பு நாய் உள்ள வீட்டில் நாங்கள் கேட்டைத் தட்டிவிட்டு வெளியே நின்று போன் செய்வோம். "உள்ளே வாங்க, கட்டித்தான் இருக்கு" என்றாலும் போவதில்லை. சங்கிலி எவ்வளவு நீளம் என்று சொந்தக்காரருக்கே பல சமயம் தெரியாது.

கோபக்காரன்:
வாலாட்டினால் ஒன்றும் செய்யாது என்கிறார்களே, அது?

சோறு வைக்கிறவள்:
வால் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். உடம்பே வளைந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் சிநேகம். உடம்பு விறைத்து, வால் மேலே கம்பி மாதிரி நின்று நுனி மட்டும் படபடத்தால் அது எச்சரிக்கை. உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இதெல்லாம் "தள்ளிப் போ" என்பதன் முதல் படிகள். தூரத்தில் நின்று தொண்டை கிழியக் குரைப்பது பெரும்பாலும் பயந்த நாய், உங்களை அனுப்பிவைக்கத்தான் பார்க்கிறது. தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் பின்னால் வருகிறதே, அதுதான் கெண்டைக்காலைப் பிடிக்கும். அதனால் முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் நின்றபடி, கண்ணுக்குக் கண் முறைக்காமல் பின்னால் நகருங்கள்.

காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது, அப்போது வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஊசியை அதற்குப் பிறகும் வருடாவருடம் போட்டார்களா என்பது காதைப் பார்த்துத் தெரியாது. கடிக்காது என்றும் அர்த்தமில்லை.

வார்டு அக்கா:
அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடுகிற இடத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே சொன்னதெல்லாம் வெறி இல்லாத நாய்க்குத்தான் பொருந்தும். வெறி பிடித்த நாய்க்கு எல்லை கிடையாது. திக்குத் தெரியாமல் நடக்கும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், குரைப்புச் சத்தமே மாறியிருக்கும், கல், கட்டை, இன்னொரு நாய் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும். சில நாய்கள் அப்படி ஆடாமல் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும். பாவம் என்று தண்ணீர் வைக்கப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனிடம்தான். அப்படி ஒன்றைப் பார்த்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு மாநகராட்சிக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் முதல் வேலை சோப்பு. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நிறைய பேர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வைரஸ் நரம்புக்குள் ஏறுவதற்கு முன் காயத்திலேயே அதைக் குறைக்கிற வேலை இது. வேறு எந்த வைத்தியத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள், மிளகாய்த்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அப்படியே கிளம்புங்கள்.

ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 என்று நான்கு நாள் வர வேண்டும், 0 என்பது முதல் ஊசி போட்ட நாள். தனியார் மருத்துவமனையில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. இரண்டாவது ஊசியோடு "சரியாகிவிட்டது" என்று நின்றுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வராது. பத்தியம் எதுவும் கிடையாது, கறி சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம்.

ரத்தம் வருகிற கடி என்றால் ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே எதிர்க்கிற சீரமும் போட வேண்டும். முகம், கழுத்து, விரல் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, மூளைக்கு வழி குறைவு, விரலில் நரம்பு அதிகம். சீரம் சிறிய நிலையங்களில் இல்லாமல் போகலாம், அதனால் பெரிய காயம் என்றால் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு மருந்தே இல்லை.

குரோம்பேட்டை தாத்தா:
எங்கள் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. நாய்க்கடியைவிட அந்த ஊசிக்குப் பயந்தே கடித்ததை வீட்டில் மறைத்த பையன்கள் உண்டு.

வார்டு அக்கா:
இன்னும் அந்தப் பயத்தில் வராமல் இருக்கிறார்கள் தாத்தா, அதைச் சொல்லி எழுதியது நல்லதாகப் போயிற்று. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத்தான் நெடுங்காலம் தயாரித்தார்கள். அது வழக்கொழிந்து இருபது வருடம் ஆகிறது. இப்போது மேல்கையில் சின்ன ஊசி, அவ்வளவுதான்.

நைட்ஷிஃப்ட்காரன்:
எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி மெதுவாக உள்ளே போய்ப் பார்த்தேன். நான்கு நாய்கள் எழுந்து நின்று குரைத்ததோடு சரி. வெள்ளை பழுப்பு மட்டும் வந்தது, வண்டியை நிறுத்தியதும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போனது. பகலில் போய்ப் பார்த்தால் இங்கே 'சோறு வைக்கிறவள்' என்று எழுதுகிற அக்கா சொன்ன மாதிரியே மழைநீர்க் கால்வாய்ப் பலகைக்குப் பின்னால் குட்டிகள். இப்போதைக்கு நான் பள்ளிக்கூடத்துத் தெரு வழியாகச் சுற்றி வருகிறேன். எங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவர் இஸ்திரி கடை அம்மா என்று தெரிந்தது. கால்வாய்க்குப் பக்கத்திலேயேதான் வைக்கிறார். தள்ளி வைக்கச் சொல்லலாமா என்று தயக்கமாக இருக்கிறது.

சட்டப்புள்ளி:
தாராளமாகச் சொல்லலாம். குழந்தைகள் விளையாடும் இடம், வீட்டு வாசல், படிக்கட்டு, முதியவர்கள் அதிகம் போகிற வழி ஆகியவற்றிலிருந்து தள்ளித்தான் சோறு வைக்க வேண்டும் என்று 2023 விதிகளே சொல்கின்றன. ஆனால் விதியைக் காட்டிப் பேச ஆரம்பிக்காதீர்கள்.

சோறு வைக்கிறவள்:
குட்டிகள் இருக்கும்போது மட்டும் இடத்தை மாற்ற வேண்டாம், தாய் அலைபாயும். கொஞ்சம் வளர்ந்ததும் அந்த அம்மாவே காலி மனைப் பக்கம் மாற்றிக்கொள்வார். தாய்க்குக் கருத்தடை செய்யவும் அவர் துணை வேண்டும். அவர் கூப்பிட்டால் வருகிற நாய், பிடிக்க வருகிறவர்களைக் கண்டால் தெருவையே காலி செய்துவிடும்.

கோபக்காரன்:
கருத்தடை, கருத்தடை என்று 2001-இல் இருந்து சொல்கிறார்கள். தெருவில் குறைந்த மாதிரித் தெரியவில்லையே.

வார்டு அக்கா:
எண்ணிக்கை குறைய வருடக்கணக்காகும், அதையும் விடாமல் செய்தால்தான். நோயை அதற்கு முன்னாலேயே நிறுத்தலாம். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் நாய்க்கு நாய் பரவுவது அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கோவாவில் வலை வைத்துப் பிடித்துத் தெருத் தெருவாக ஊசி போட்டார்கள், 2021-இல் ரேபிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவித்தார்கள். உங்கள் கோபத்தை வார்டு கவுன்சிலரிடம் இந்தக் கேள்வியாகக் கேளுங்கள்: நம் தெருவில் எத்தனை நாய்க்கு இந்த வருடம் ஊசி போட்டீர்கள்?

நைட்ஷிஃப்ட்காரன்:
இன்னொரு சந்தேகம். அம்மாவின் குதிகாலில் அந்த நாயின் பல் லேசாகப் பட்டிருக்கிறது. ரத்தம் இல்லை, தோல் மேலே கீறியிருக்கிறது. "இதற்கெல்லாமா" என்கிறார். குட்டிக்காகச் சீறிய நாய்தானே, வெறி இல்லையே?

வார்டு அக்கா:
இன்றே கூட்டிப் போங்கள். ரத்தம் வராத கீறலும் மருத்துவக் கணக்கில் இரண்டாம் வகைக் கடி, சீரம் தேவைப்படாது, ஊசி கட்டாயம். நாய் நன்றாக இருக்கிறதா என்று 10 நாள் பார்ப்பது சரிதான், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஊசி போடுவது அல்ல. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்றும் அங்கே சொல்லுங்கள். அம்மாவிடம் 14 ஊசி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டெலிவரி தம்பி:
அக்கா, எனக்கு முன்பு ஒருமுறை கடித்து எல்லா ஊசியும் முடித்திருக்கிறேன். மறுபடி கடித்தால் முதலிலிருந்தா?

வார்டு அக்கா:
வேண்டாம் தம்பி. முழுவதும் போட்டு முடித்தவர்களுக்கு 0, 3 என்று இரண்டே நாள், சீரமும் தேவையில்லை. அந்தப் பழைய சீட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள். சீட்டு இல்லாமல் வந்தால் புதிதாகக் கடிபட்டவர் என்று வைத்துத்தான் ஊசியைத் தொடங்குவார்கள்.